அடுத்தவர் விசைப்பலகையில் கை வைக்காதவர்

எங்கள் வீட்டில் அவருக்கு ‘மாடி’ என்றே பெயர். “மாடி வந்தாச்சா?” என்பாள் என் மனைவி மெர்சி. “மாடிக்குக் கொஞ்சம் குழம்பு எடுத்து வைக்கட்டுமா?” சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் குடியிருந்தார். மறைமலை நகரில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பழுது பார்க்கும் பிரிவில் இன்ஜினியர். அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பெயரை எழுதலாம்தான். எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, “எதுக்கு சார் இதெல்லாம்” என்று ஒரு வரி அனுப்புவார். அதனால் மாடி என்றே இருக்கட்டும்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை, கைகள்தான் வருகின்றன. என் மேசைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்வார். எழுந்து போகும்வரை அவை அங்கேயே இருக்கும்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாம் சந்தேகத்தைச் சொல்லி முடிப்பதற்குள் “கொஞ்சம் தள்ளுங்க” என்று மவுஸைப் பிடித்துவிடுவார்கள். நாலு சன்னல் திறக்கும், மூன்று மூடும், “ஆச்சு” என்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் “அது ஒரு செட்டிங்” என்பார்கள். மாடி என் விசைப்பலகையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

எனக்கு வலப்பக்கம் பக்கவாதம் வந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. பேச்சு திரும்பிவிட்டது. கால் முக்கால்வாசி திரும்பியது. வலக்கை திரும்பவே இல்லை. அதைவிட எனக்குப் பழக நாளானது வேறொன்று. என் இடக்கையில் எது இருந்தாலும் யாராவது வாங்கிக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்தால் மூடியைத் திறப்பதற்கு ஒருவர். பையைத் தூக்கினால் “விடுங்க, விடுங்க” என்று ஒருவர். ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் அதை மெல்ல இழுத்து, சரியான பக்கத்தைத் திறந்து, குழந்தையிடம் கொடுப்பதுபோல் கொடுப்பார். எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. மெர்சி பள்ளிக்கூட டீச்சர். தினமும் காலையில் தன் அவசரத்துக்கு நடுவில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

எனக்கென்று மிஞ்சியிருந்தது என் வேலை ஒன்றுதான். நான் பிழை திருத்துகிறவன். மேற்குத் தாம்பரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைநூல் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு, வீட்டில் இருந்தபடியே பக்கங்களைத் திருத்தி, வடிவமைத்துக் கொடுப்பேன். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுபவை, என்னுடையதும் அப்படியே. ஒற்றைக் கையால் எப்படி இதெல்லாம் என்று கேட்கலாம். அது என் மைத்துனர் செய்த உபகாரம்.

தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம் இருக்கும். மெய்கள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் வலக்கைப் பக்கம். எனக்கு உடம்பு முடியாமல் போன புதிதில் மைத்துனர் ஒரு நாள் முழுக்க என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வித்தை செய்துவைத்தார். ஸ்பேஸ் பாரை இடக்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இடப்பக்கத்து விசையைத் தட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல அதற்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் உள்ள எழுத்து விழும். “நீங்க உக்காருங்க அத்தான், நான் பண்ணிடறேன்” என்றார். உட்கார்ந்தேன். அவரும் பண்ணிவிட்டார். ஒரு மாதத்தில் வேகம் பிடித்துக்கொண்டேன். உள்ளே என்ன செய்திருக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு அவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார்.

அதனால் வருடக்கணக்கில் நான் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கவே இல்லை. திரையில் ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது’ என்று கேட்கும் போதெல்லாம் ‘பிறகு’ என்பதை அழுத்துவேன். பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் புதியதாக மாற்றியபோதுதான் சிக்கல் வந்தது. அவர்கள் அனுப்பும் கோப்பு என் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. முதலாளி போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்களும் மாத்திடுங்க. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள பத்தாங்கிளாஸ் புக்கு கடைக்குப் போயாகணும்.”

“மாத்திடறேன்.”

“முடியலைன்னா சொல்லுங்க. இங்க ஒரு பொண்ணு புதுசா சேர்ந்திருக்கு, அது பாத்துக்கும். நீங்க சிரமப்பட வேணாம்.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்று சாயங்காலமே ‘சரி’ என்பதை அழுத்திவிட்டேன்.

கம்ப்யூட்டர் புதுக்கோலத்தில் எழுந்து வந்தது. எழுத்தெல்லாம் கூர்மையாக, அழகாகத் தெரிந்தது. அ அடித்தேன், வந்தது. ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு ககரத்துக்கு உரிய இடத்தைத் தட்டினேன். நாலைந்து இடைவெளிகளும் ஓர் எகரமும் விழுந்தன. மறுபடி தட்டினேன், மறுபடி எகரம். உயிரெழுத்து எல்லாம் இருந்தது, மெய் போய்விட்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இதை மெர்சியிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

மைத்துனருக்கு எழுதினேன். “அத்தான், அன்னிக்கு என்ன பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பழசையே போட்டுக்கோங்க” என்று பதில் வந்தது. பழசைப் போட்டால் வேலை இல்லை.

மாடி வந்தது மறுநாள், ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க. திரை முழுக்க எகரமாக இருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

“என்ன சார், எ எ எ-ன்னு இருக்கு?”

சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “எங்க பிளான்ட்லயும் இதே கூத்துதான் சார் நடந்துச்சு. லாகின் ஸ்க்ரீன்ல மூலைல ஒரு சக்கரம் மாதிரி இருக்கும் பாருங்க, அதுல பழசு புதுசுன்னு ரெண்டு காட்டுதா?”

பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது.

“அப்ப பழச எடுத்தே விட்டுட்டாங்க” என்றார்.

திரையில் சன்னல்களை வரைந்து, நாம் தட்டும் விசை எந்தச் சன்னலுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் ஒரு நிரல் உண்டாம். டிஸ்ப்ளே சர்வர் என்றார். இத்தனை காலம் இருந்தது எக்ஸ் என்ற பழைய ஒன்று, இப்போது வந்திருப்பது வேலண்ட் என்ற புதியது. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இது:

“பழசுல, வீட்டுக்குள்ள வந்துட்டா யாரு வேணா யாரு தட்டுல வேணா கை வைக்கலாம் சார். ஒரு ப்ரோக்ராம் இன்னொன்ல என்ன டைப் பண்றோம்னு எட்டிப் பாக்கலாம், அதுவே டைப்பும் பண்ணலாம். உங்க மைத்துனர் பண்ணது அந்த மாதிரி ஒண்ணு. நடுவுல உக்காந்து உங்களுக்குப் பதிலா தட்டிட்டு இருந்துச்சு. புதுசுல அது நடக்காது. அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு.”

“நல்லதுதானே?”

“ரொம்ப நல்லது சார். பாஸ்வேர்டெல்லாம் யாரும் எட்டிப் பாக்க முடியாதுல்ல.”

“எனக்கு ஊட்டிவிட ஆள் வேணுமேம்மா.”

அவர் திரையில் இருந்த எகரங்களைப் பார்த்தார். பிறகு, “ஊட்டிவிட வேணாம் சார். சமையக்கட்டுலயே மாத்திடலாம்” என்றார். விசை திரைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, விசைப்பலகையில் இருந்து புறப்படும் இடத்திலேயே அதை மாற்றிக் கொடுக்கும் சின்ன நிரல்கள் இருக்கின்றன. திரை பழசா புதுசா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. அதற்கு ஒரு கோப்பு எழுத வேண்டும். எந்த விசைக்குப் பதில் எந்த விசை என்று வரிவரியாக.

“எழுதிக் குடுத்துடறீங்களா?”

“நீங்க எழுதுங்க சார். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்ததும் கூப்பிடுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. நான் இடக்கை ஒற்றை விரலால் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி அடிப்பேன். வலப்பக்கத்து எழுத்து வேண்டுமென்றால் கையை மேசைக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தப்பாக அடித்தால் உடனே சொல்ல மாட்டார். நான் அந்த வரியை முடித்த பிறகு, “ஒரு தடவ படிச்சுப் பாருங்க சார்” என்பார். பிழை திருத்துகிறவனிடம் அப்படிச் சொன்னால் போதும்.

முதலில் நிரலை நிறுவிப் பார்த்தேன். ஓடவில்லை. ஏன் என்று கேட்டேன். “அது என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்றார். சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. அதுவரை கம்ப்யூட்டர் சிவப்பில் எழுதும் எதையும் நான் படித்ததில்லை. அது மைத்துனருக்கு எழுதப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தேன். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தவறு. என் தொழிலே அதுதான்.

இரண்டாவது ஞாயிறுதான் மெர்சிக்கும் அவருக்கும் மனத்தாங்கல் வந்தது. மேசையில் டீ வைத்திருந்தாள். நான் கையைக் குறுக்கே கொண்டுபோனபோது முழங்கை இடித்து டம்ளர் சாய்ந்தது. சூடான டீ மேசையில் ஓடி, என் வேட்டியில் சொட்ட ஆரம்பித்தது. மாடி அசையவில்லை. என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். “சுட்டுச்சா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நான் எழுந்து, கொடியில் இருந்த துணியை எடுத்து வந்து, மேசையைத் துடைத்தேன். ஒற்றைக் கையால் ஈரத்தைத் துடைப்பது எளிதில்லை, நாலு பக்கமும் ஓடும். அவர் கைகளை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மெர்சி உள்ளே வந்தாள்.

அவர் மாடி ஏறிப் போன பிறகு, “என்னங்க பொண்ணு இவ? கண்ணு முன்னாடி டீ கொட்டுது, பொம்ம மாதிரி உக்காந்திருக்கா” என்றாள். “படிச்சு என்ன பிரயோஜனம். மனசு வேணாமா?”

மேசையைத் துடைத்து முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் மனசுக்கு நன்றாக இருந்தது. அதை மெர்சியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுவாரம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டார். “ரெண்டு நாள்ல சொல்றேன்” என்றேன். அன்று மாடி வேலை முடிந்து வந்ததும் படிக்கட்டிலேயே மடக்கினேன்.

“எனக்கு நேரம் இல்லம்மா. அந்தக் கோப்ப நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்க. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“அஞ்சு நிமிஷம் சார்.”

“அப்புறம் என்ன?”

தொழிற்சாலைப் பேருந்தில் இருந்து இறங்கி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். “அடிச்சிடுவேன் சார். ஓடும். அடுத்த வருஷம் அவங்க வேற எதையாவது மாத்துவாங்க. அப்ப நான் இந்த வீட்ல இருப்பேனான்னு எனக்கே தெரியாது. மறுபடி நீங்க எ எ எ-ன்னு உக்காந்திருப்பீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். “எனக்கு வேல போயிடும்” என்றேன். குழறியது. அவர் காத்திருந்தார். நான் மறுபடி சொன்னேன், சரியாக வந்தது.

“போகாது சார். எங்க பிளான்ட்ல லீவு சொல்லிட்டு நாளைக்கு முழுக்க உக்காந்துக்கறேன். ஆனா நீங்கதான் அடிக்கணும்.”

அவர் குணம் இதுதான். நேரம் கேட்டால் ஒரு முழு நாளைக் கொடுப்பார், கையை மட்டும் கொடுக்க மாட்டார்.

இந்தக் குணம் என்னிடம் மட்டும் காட்டியது இல்லை. பிறகொரு நாள் எழும்பூரில் டாக்டரைப் பார்க்கப் போனேன். மெர்சிக்குப் பள்ளிக்கூடம், மாடிக்கு விடுமுறை, அவரும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் சேர்ந்தே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனோம். டிக்கெட் எடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் தடுமாறிக்கொண்டிருந்தார். திரையில் தொட்டால் ஒரு ஊர் வருகிறது, எடுத்தால் இன்னொரு ஊர் போகிறது. மாடி அவருக்குப் பக்கத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “கீழ பச்சையா இருக்கு பாருங்க ஐயா, அது. இல்ல, அதுக்குப் பக்கத்துல. இப்ப எந்த ஊரு போகணும்?” வரிசை நீண்டுகொண்டே போனது.

“யக்கா, நீயே அமுக்கி குட்த்துட்டுப் போவியா? டைம் ஆவுதுக்கா” என்றான் பின்னால் ஒரு பையன்.

“அவருக்கு வருது தம்பி. ஒரு நிமிஷம்.”

“இன்னா பேஜாருக்கா இது.”

பெரியவருக்கு டிக்கெட் வந்துவிட்டது. எங்கள் ரயில் போய்விட்டது. அந்தப் பெரியவர் டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததை நானும் பார்த்தேன். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்.

“ஏம்மா இப்படி? ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுதே.”

“எங்க பிளான்ட்ல ஒரு வழக்கம் சார். லைன்ல ஆபரேட்டர் நிக்கறப்ப, அவர் மெஷின் பட்டன நாங்க தொடக் கூடாது. என்ன பண்ணணும்னு சொல்லலாம். நாங்க தொட்டுட்டா அப்புறம் அது அவர் மெஷின் இல்ல, எங்க மெஷின் ஆயிடும். அடுத்த தடவ நின்னா எங்களத்தான் கூப்பிடுவாரு.”

நியாயமான பதிலாக இருந்தது. அவ்வளவுதான் காரணம் என்று நம்பினேன்.

மீதிக் காரணத்தைச் சொன்னது அவர் அம்மா. கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தார். எப்போதாவது பேருந்து மாறி மாறி, மூடிபோட்ட அலுமினியப் பாத்திரத்தில் மீனோடு வந்து இறங்குவார். எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று மகள் வேலையில் இருந்து வரவில்லை. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

“கை எப்டி கீது சாரு?”

“அப்படியேதான் இருக்கு.”

“எம்பொண்ணு உங்களாண்ட கம்ப்யூட்டர் வேல சொல்லிக் குடுக்குதாமே. வெடுக்குனு எதனா பேசிச்சா? கோச்சுக்காதீங்க. அதுக்கு ஒரு புத்தி. யாரு கையில இருந்தும் எதயும் வாங்காது.”

“சின்ன வயசிலேயேவா?”

கத்தியை நிறுத்தினார். “அதோட அப்பனுக்கு ரெண்டு வெரலு பூட்ச்சு சாரு. போட்ல கயிறு இய்க்கறப்போ மாட்டிக்கிச்சு. ஆறிப்போச்சு, நல்லாத்தான் இருந்தாரு. ஆனா அதுக்கப்பறம் போட்ல ஏறுனாக்கா, ‘நீ குந்து மாமா, நாங்க பாத்துக்கறோம்’னுவாங்கோ. வலய எட்த்தா வாங்கிக்குவாங்கோ. நல்லதுக்குத்தான். கெட்டவங்க யாரும் இல்ல. வூட்லயும் அப்டித்தான். நானே சோத்தப் பெசஞ்சு குட்த்தேன்.” மீனைத் தண்ணீரில் அலசினார். “ஒரு நாளு கடலுக்குப் போவல. அப்பறம் போவவே இல்ல. கரயில குந்திக்கினு இருப்பாரு, எல்லாரும் போறத பாத்துக்கினு. அப்டியே பூட்டாரு. வெரலு போனதுக்கு யாராவது சாவாங்களா சாரு?”

அடுத்த மீனைக் கையில் எடுத்தார்.

“இது அப்போ ஸ்கூலு படிச்சிக்கினு இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல. என்னிய மட்டும் ஒரு பார்வ பாத்துச்சு. இன்னிக்கும் அந்தப் பார்வ எனக்கு மறக்கல.”

மகள் வந்தபோது நாங்கள் மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரியும் என்று நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அவர் விடுப்புப் போட்ட அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலேயே தன் விசைப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு என் யோசனைதான் காரணம். முந்தின இரவு, படிக்கட்டில் பேசிய பிறகு, அந்த நிரலின் குறிப்பை அவரோடு படித்துக்கொண்டிருந்தேன். கோப்பில் ஏதாவது தப்பாகி விசைப்பலகை மொத்தமாகச் செத்துப்போனால், நிரலை நிறுத்துவதற்கு மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. ஒன்று இந்த மூலையில், இரண்டு அந்த மூலையில்.

“இது ரெண்டு கைக்காரங்களுக்கு எழுதினதும்மா” என்று சொன்னேன். “எனக்கு இன்னொரு விசைப்பலகை வேணும். அத இந்தக் கோப்புல சேக்காம விட்டுடலாம். இது செத்தா அதுல அடிப்பேன்.”

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். “சார், இது எனக்குத் தோணவே இல்ல” என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

“ஒரே ஒரு எழுத்து மட்டும் மாத்துங்க சார். மத்தத அப்புறம் பாக்கலாம்” என்றார். ஸ்பேஸ் பாரை அழுத்தியிருக்கும்போது என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் ஒரே வரி. எகரத்தின் விசைக்கு, ககரத்தின் விசை. சேமித்தேன். நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினேன். சிவப்பு ஏதும் வரவில்லை. கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டு தட்டினேன்.

க.

நான் மறுபடி தட்டினேன். க. இன்னும் ஒரு முறை. நான் அழுதிருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த மெர்சி சமையலறையில் இருந்து வந்து, பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். மாடியின் கைகள் மடியில் இருந்து ஒரு சாண் உயர்ந்தன. பிறகு பழைய இடத்துக்கே போய்விட்டன.

“அடுத்தது சார்” என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் மெய் வரிசை முழுக்க வந்துவிட்டது. நிறுத்தற்குறிகள், எண்கள் எல்லாவற்றையும் அடுத்தடுத்த நாள்களில் நானே எழுதினேன். மைத்துனர் செய்து தந்ததில் அடைப்புக்குறி போட எப்போதும் சிரமம். அதை என் விரலுக்கு வாகான இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் புத்தகம் நேரத்தோடு போனது. “எல்லாம் சரியா இருக்குண்ணே, அடுத்தத அனுப்பறேன்” என்றார் முதலாளி. அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மெர்சி வழக்கம்போல என் சட்டைப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுவந்தாள். “நான் போட்டுக்கறேன்” என்றேன். “மணியாச்சுங்க” என்றாள். “ஆகட்டும்.” அவள் தள்ளி நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், முந்தானையைப் பிடித்தாள், பிறகு வளையலைத் திருகிக்கொண்டு நின்றாள். அன்று ஆராதனைக்குப் பாதியில்தான் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஆட்டோவில், “நான் இவ்வளவு நாளா உங்களக் கஷ்டப்படுத்திட்டேனா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். “ஆனா இனிமே நானே போட்டுக்கறேன்.” அதற்குப் பிறகு மாடியைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. குழம்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக மேலே போனது.

அவர் சொன்னது போலவே நடந்தது. அவர் போன பிறகு இன்னொரு புதிய பதிப்பு வந்தது, ஏதோ ஒன்று மாறியது, மெய் மறுபடி காணாமல் போனது. சிவப்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். நான் எழுதிய கோப்பைத் திறந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சரியாகிவிட்டது. அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. சாதாரண வேலையைச் செய்ததற்கு யாரும் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை.

அவர் போனது ஓசூர்ப் பக்கம்; அங்கே ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்திருந்தது. வீட்டைக் காலி செய்த அன்று சாமான் ஏற்ற இரண்டு பேர் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தார். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் இறங்கிவிட்டன. கடைசியாக மேலே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க நான் மெல்ல மாடி ஏறினேன். வெறும் கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டி மட்டும் இருந்தது. அதன் மேல் ‘கண்ணாடி’ என்று எழுதியிருந்தது. தட்டுகள், டம்ளர்கள்.

ஆள்களில் ஒருவர் மேலே வந்தார். நான் பெட்டியைப் பார்த்தபடி நின்றதைப் பார்த்து, “நவுருங்க சார், நான் எட்த்துக்கறேன்” என்றார்.

பின்னாலேயே வந்த மாடி அவரைத் தடுத்தார். “அண்ணா, நீங்க வெளிய இருக்கற ஏணிய எடுத்துட்டுப் போங்க” என்றார். பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கி என்னிடம் நீட்டினார். நான் இடக்கையை அதன் அடியில் கொடுத்து, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தது. உள்ளே கண்ணாடி கிணுகிணுத்தது.

அவர் எனக்கு முன்னால் படி இறங்கினார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே மெர்சி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓர் அடி எடுத்து வைத்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். சுவரில் வலத் தோளைச் சாய்த்துக்கொண்டு, முதலில் முடியாத காலை இறக்கி, பிறகு நல்லதை இறக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். யாரும் மேலே வரவில்லை. வண்டிக்காரரின் பேச்சுக் குரல் கேட்டது, எங்கோ தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. மீதிப் படிகளையும் இறங்கி, வாசலைக் கடந்து, வண்டி வரைக்கும் போனேன்.

“முன் சீட்டுல வைங்க சார்” என்றார்.

வைத்தேன். அவர் பெட்டியை ஒரு கையால் ஆட்டிப் பார்த்து, நகராமல் இருக்க ஒரு தலையணையைச் செருகினார்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றார்.

எனக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, ஒரு பொருளைத் தூக்கிக் கொடுத்ததற்காக என்னிடம் ஒருவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.